பொறுமை ஏற்றிக் கட்டிய வெள்ளிக்கிழமை

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையில் எல்லோரும் அவரைப் 'பொறுமை' என்றுதான் கூப்பிடுவார்கள். பாதியில் நின்ற லிஃப்டுக்குள்ளிருந்து ஆட்கள் கூப்பாடு போட்டாலும், "இதோ வந்துட்டேங்க" என்று நிதானமாக ஸ்பேனரைத் தேடுகிற மனிதர். பொய் என்பது அவர் வாயில் நுழையவே நுழையாது.

சனிக்கிழமை லீவு யாருக்கு என்பதை அங்கே வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டு வேளையில் சீட்டுதான் தீர்மானிக்கும். காசு கிடையாது, பட்டறையில் கிடக்கும் இரும்பு வாஷர்தான். மணி அடிக்கும்போது யாரிடம் வாஷர் அதிகமோ, அவருக்கு லீவு. லீவு எதற்கு என்று மட்டும் மூச்சு விடக் கூடாது. முன்பு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லி, சாப்பாட்டு நேரமே ஒப்பாரியாகப் போனதில் ஃபோர்மேன் போட்ட சட்டம் அது.

இந்த வாரம் பொறுமைக்கு லீவு கிடைத்தே ஆக வேண்டும். அப்பா இறந்த வருஷமே படிப்பை விட்டுவிட்டு, தையல் மெஷின் மிதித்து அவரைப் படிக்கவைத்த அக்கா, ஐம்பத்திரண்டு வயதில் நாளைக்குப் பட்டம் வாங்குகிறாள். "உனக்கெங்கடா லீவு கிடைக்கப்போகுது, வேலையைப் பாரு" என்று அவளே சொல்லிவிட்டாள்.

ஆட்டம் இதுதான்: கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, மேஜையில் பொதுவாக ஐந்து. முதலில் மூன்றைத் திறப்பார்கள், பிறகு ஒவ்வொன்றாக. கட்டுவதற்கும் அளவு உண்டு. முதலில் இரண்டிரண்டு வாஷர், கடைசி இரண்டு சீட்டுக்கு நாலு நாலு. ஒருவர் கட்டியதற்கு மேல் ஏற்றினாலும் அதே அளவுதான். அதற்குமேல் யாரும் வீராப்புக் காட்ட முடியாது.

ஐந்து சீட்டு ஒரே ரகமாக, எல்லாமே ஹார்ட்டின் என்பதுபோலச் சேர்ந்தால் பெரிய கை. நாலு சேர்ந்து ஒன்றுக்குக் காத்திருக்கும்போது பொறுமை எப்போதும் "சரி" என்று மற்றவர் கட்டியதற்கு ஈடு கட்டிவிட்டுச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார். ஆறு பேர் ஆடிய காலத்தில் அது செல்லுபடியானது. மூன்று தடவையில் ஒரு தடவைதான் அந்தச் சீட்டு வரும். ஆனால் வந்தால் ஐந்து பேர் வாஷரும் குவிந்து கிடக்கும். இப்போது ஆடுவது ஃபோர்மேன், வெல்டர், இவர் என்று மூன்றே பேர். காத்திருந்து கிடைப்பது ஒரு கைப்பிடி. அதிலும், வந்ததும் இவர் ஏற்றினால் மற்ற இருவரும் சிரித்துக்கொண்டே சீட்டைப் போட்டு விலகிவிடுவார்கள். இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை லீவைக் கண்ணால் பார்க்கவில்லை, மனிதருக்கு இது உறைக்கவும் இல்லை.

அன்றைக்கு உறைத்தது. கையில் ஹார்ட்டின் எட்டும் ஒன்பதும். மேஜையில் ஹார்ட்டின் ராணி, ஹார்ட்டின் மூன்று, கிளாவர் ராஜா. ஃபோர்மேன் இரண்டு கட்டினார். "சரி" சொல்ல வாயைத் திறந்த பொறுமை மூடிக்கொண்டார். இன்னொரு ஹார்ட்டின் சீட்டு வந்தால்தான் ஜெயிப்பா? எதிரே இருக்கிற இரண்டு பேரும் கழன்றுகொண்டாலும் ஜெயிப்புத்தானே.

"நாலு" என்றார்.

வெல்டர் மெல்லுவதை நிறுத்தினார். "அண்ணனே ஏத்துறாரா? ஆளை விடுங்க சாமி" என்று சீட்டைப் போட்டார். ஃபோர்மேன் ஈடு கட்டினார்.

அடுத்தது ஸ்பேடு ஏழு. உதவாத சீட்டு, ஆனாலும் பொறுமை நாலு கட்டினார். ஃபோர்மேனும் முனகிக்கொண்டே கட்டினார். கடைசிச் சீட்டு கிளாவர் மூன்று. கையில் இருப்பது இனி சல்லிக்காசு பெறாது. பொறுமை இன்னும் நாலு வாஷரை அலுங்காமல் நகர்த்தினார்.

ஃபோர்மேன் மேஜை ராஜாவோடு ஜோடி சேர்ந்திருந்த தன் கை ராஜாவைப் பார்த்தார், பிறகு பொறுமையைப் பார்த்தார். "பதினோரு வருஷமா உன்னைத் தெரியும். கையில இல்லாம நீ கட்ட மாட்டே. இந்த நாலையாவது மிச்சம் பிடிக்கிறேன்" என்று சீட்டைக் கவிழ்த்துவிட்டார்.

அதற்கப்புறம் இரண்டு ஆட்டம். பொறுமை இரண்டிலும் பட்டும் படாமலும் ஒதுங்கிக்கொண்டார். மணி அடித்தபோது மற்ற இருவரையும்விட அவரிடம் மூன்று வாஷர் கூடுதல்.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. "அண்ணே, நீங்க கவிழ்த்த ஆட்டத்துல எங்கிட்ட ஒண்ணுமே இல்ல" என்றார்.

ஃபோர்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இனிமே உன்னை நம்பினா என்னைச் செருப்பால அடி."

மறுநாள் மேடையிலிருந்து இறங்கிய அக்கா, மூன்றாம் வரிசையில் தம்பியைக் கண்டதும் கறுப்பு அங்கியோடு அப்படியே நின்றுவிட்டாள். கண் நிறைந்துவிட்டது.

"எப்படிடா லீவு கிடைச்சுது?"

"பொய் சொல்லி வாங்கினேன்க்கா."

"நீயாவது பொய் சொல்றதாவது" என்று அக்கா அவர் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.