பதநீர் குடித்த கார்

1.

1953-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. ஐந்தரை மணிக்கு எழுந்தேன். பல் விளக்கிக் காபி குடித்துவிட்டு, வழக்கமான வரிசைப்படி காரைப் பார்த்தேன். முதலில் ரேடியேட்டர் தண்ணீர், அடுத்து எஞ்சின் ஆயில், அதற்கடுத்து பேட்டரி, கடைசியாக நான்கு டயர்கள். எல்லாம் சரி. டைரியில் 'எல்லாம் சரி' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அன்று சாயங்காலம் அந்த அடிக்கோட்டைப் பார்த்து நானே சிரித்தேன்.

அப்போது நான் சங்கரன்கோவிலில் தையல் மெஷின் ஏஜெண்டு. கால்மெஷினை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஓட்டிக் காட்டுவது, வாங்கியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது, ரிப்பேர் வந்தால் பார்ப்பது என் வேலை. மாட்டுவண்டி கட்டுப்படியாகாமல், மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்த ஒருவரிடம் பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினேன். இரண்டே கதவு. பின்சீட்டைக் கழற்றிவிட்டால் ஒரு மெஷின் ஸ்டாண்டோடு நிற்கும்.

சின்னக் கார் வாங்கலாமா என்று இன்றைய ஏஜெண்டுகள் என்னைக் கேட்கிறார்கள். சுகம் எப்படி என்றால், உயரமான ஆள் உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடும். ரோட்டில் கிடக்கும் கல் ஒவ்வொன்றும் இடுப்புக்குத் தெரியும். நம்பிப் போகலாமா என்றால், அந்த வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே முடிவு செய்யுங்கள்.

2.

எங்கள் ஊர்ப் பருத்தி வியாபாரி சுடலைமுத்துவின் மகள் கோமதி, என்னிடம் தையல் கற்றுக்கொண்ட பெண். மத்தியானம் துணியைக் கையில் கொடுத்தால் விளக்கு வைப்பதற்குள் ஜாக்கெட்டாகத் திருப்பிக் கொடுப்பாள். அவளுக்குப் புளியங்குடியில், எலுமிச்சை வியாபாரம் செய்யும் வீட்டில் சம்பந்தம் முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். சீரோடு ஒரு தையல் மெஷினும் தருவதாகப் பேச்சு.

மாப்பிள்ளையின் அம்மா பொன்னம்மாள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அதை சுடலைமுத்து என்னிடம் வந்து சொன்னார்.

"அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்ன மெஷின் வீட்டுக்குள்ள வந்துரணுமாம். வந்துட்டா முன்னறை ஜன்னலோரம் அதுக்கு. வரலேன்னா அங்கன எலுமிச்சங்கூடையை அடுக்கிருவாகளாம். சனிக்கிழமை இரும்பு உள்ள வரப்படாது. ஞாயித்துக்கிழமை கல்யாணம். பொறவு யாரு கூடையை நவத்துவா?"

அந்த வீட்டு மூத்த மருமகள் விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை எலுமிச்சை தரம் பிரிப்பவள். ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் கோமதியும் அவள் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.

நல்ல நேரம் ஒன்பதே காலுக்குப் பிறக்கிறது. அதற்கு முன் சீர் பெண் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. பத்தரைக்கு ராகு காலம். இரண்டு ஊருக்கும் நடுவில் பத்து மைல். மாட்டுவண்டியால் ஆகாது. பஸ்ஸில் கால்மெஷினை ஏற்ற மாட்டார்கள். என் கார் ஒன்றுதான் வழி.

என் மனைவி செல்லம்மாளுக்கு மட்டும் அதில் நம்பிக்கையில்லை. "இந்தப் பொட்டிக்குள்ள மெஷினை ஏத்திட்டு நீங்க எங்கன உக்காருவிய? மெஷினே வண்டியை ஓட்டிட்டுப் போவுமா?" என்றாள்.

3.

சுடலைமுத்து வீட்டு வாசலில் எட்டரைக்குக் காரை நிறுத்தினேன். மெஷினைப் பின்னால் ஏற்றினோம். சுடலைமுத்து பின்னாலேயே ஒரு மணைப்பலகையைப் போட்டு, மெஷினைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்தார். சீரோடு சுமங்கலி ஒருத்தி வர வேண்டும் என்பதால் அவருடைய அக்கா பேச்சியம்மாள் முன்சீட்டில் வருவதாக ஏற்பாடு. நல்ல கனமான சரீரம். ஏறும் முன் காருக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார். பிறகு ஆள் உயரத்துக்கு இரண்டு சம்பங்கி மாலைகளைக் கொண்டுவந்து முன்பக்கம் கட்டினார்.

"அக்கா, நம்பர் மறையுது. போலீஸ்காரன் பிடிப்பான்" என்றேன்.

"அப்படின்னா மேல தூக்கிக் கட்டுதேன். சீரு கொண்டு போற வண்டி மூஞ்சி மூளியா இருக்கலாமா தம்பி?" என்று மாலைகளை மேலே ஏற்றி, நாலு சுற்றுச் சுற்றி, மேலே ஒரு மஞ்சள் துணியும் போர்த்தி இறுக்கிக் கட்டினார். நம்பர் நன்றாகத் தெரிந்தது. எனக்குத் திருப்தி.

கோமதி கதவருகே வந்தாள். "மாமா, அந்த ஜன்னல் எனக்கு வேணும்" என்றாள் மெதுவாக.

"எந்தப் பக்கம் பாத்த ஜன்னல்?"

"கெழக்கு."

"அப்போ மெஷினை வடக்குப் பாக்கப் போட்டா வெளிச்சம் வலது கைக்கு வரும். தெக்குப் பாத்து உக்காரு. இடது பக்கம் வெளிச்சம் விழும்."

"முதல்ல கொண்டு போய்ச் சேருங்க மாமா" என்று சிரித்தாள். கண்ணில் மட்டும் சிரிப்பில்லை.

ஒன்பதே காலுக்குக் காரின் முன்னால் ஸ்டார்ட் செய்யும் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினேன். ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்தது. பேச்சியம்மாள் குலவையிட்டார்.

4.

கத்திரி வெயில். முக்கால்வாசி வழியில் ரோடு ஒரு குளத்துக் கரைமேல் ஏறும். ஏற்றத்தின் நடுவில் காரின் முன்னால் வெள்ளையாக ஆவி எழும்பியது. சம்பங்கி வேகும் வாசனை வந்தது.

"ஏ தம்பி! வண்டிக்குச் சாமி வந்துட்டு!" என்று பேச்சியம்மாள் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

"அக்கா, சும்மா இரி. இங்கன எனக்குக் காலு மரத்துப் போச்சு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

இறங்கிப் பார்த்தவுடன் புரிந்தது. ரேடியேட்டருக்குக் காற்றுப் போகிற வழியை மாலையும் துணியும் பாய் சுற்றியதுபோல் அடைத்திருந்தன. அவிழ்த்தேன். பூவெல்லாம் கீரைபோல் வெந்திருந்தது. தண்ணீர் முழுவதும் கொதித்து வெளியே போய்விட்டது. மணி ஒன்பது ஐம்பது. குளத்தை எட்டிப் பார்த்தேன். வெடித்த மண்ணில் ஆடுகள் நின்றிருந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அந்த நேரம் கரைமேல் இரண்டு கலயத்தோடு ஒரு பதநீர்க்காரர் வந்தார். நான் கலயத்தைப் பார்த்தேன். பேச்சியம்மாளும் பார்த்தார்.

"எல்லாத்தையும் குடுங்க அண்ணாச்சி. வண்டிக்கு ஊத்தணும்" என்றேன்.

அவர் காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னவே இது! மனுசன் குடிக்கதுக்கு எறக்குனது. இதைக் குடிச்சுட்டு வண்டி எங்கயாவது படுத்துக்கிட்டா என்னையச் சொல்லப்படாது."

"கள்ளு இல்லல்லா? பதநிதான? படுக்காது, ஊத்துங்க" என்றார் பேச்சியம்மாள்.

சூட்டோடு ஊற்றினால் எஞ்சின் விரிசல் விடும். பொறுத்திருந்தேன். அந்தக் கால்மணி நேரம் சுடலைமுத்து காரைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார். பிறகு பதநீரை மெல்ல ஊற்றினேன். பேச்சியம்மாள் பனையோலைப் பட்டையில் கொஞ்சம் வாங்கிக் குடித்துவிட்டு, "நல்ல இனிப்பு. வண்டி குடுத்து வச்சது" என்றார்.

5.

கார் ஓடியது. ஓட ஓடப் பதநீர் கொதித்தது. கொதிக்கக் கொதிக்கக் கருப்பட்டி வாசனை கிளம்பியது. புளியங்குடிக்குள் நுழைந்தபோது, கருப்பட்டி காய்ச்சும் பனைவிளை ஒன்று சக்கரம் கட்டிக்கொண்டு ஊருக்குள் வந்ததுபோல் இருந்தது. எலுமிச்சை மார்க்கெட்டில் தராசுகள் நின்றன. ஆட்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்கள். "ஏலே, வண்டிக்குள்ள எவனோ பாகு எடுக்கான்லே!" என்று ஒருவர் கத்தினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டீயரிங் ஆடியது. பேச்சியம்மாள் சிரித்ததில் காரே ஆடியது. சுடலைமுத்து மட்டும், "மணி என்ன, மணி என்ன?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

மணி பத்து இருபத்திரண்டு. சம்பந்தி வீட்டுத் தெருமுனையில் கார் ஒரு விக்கல் விக்கி நின்றது. கைப்பிடியைச் சுழற்றினால் அசையவில்லை. வீடு தெருவின் கடைசி.

முழு மெஷினைத் தூக்கி ஓட முடியாது. ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். தையல் மெஷினின் மேல்பாகத்துக்குத் தொழிலில் 'ஹெட்' என்று பெயர். இரண்டு ஸ்குருவைத் தளர்த்தி பெல்ட்டைக் கழற்றினால் ஸ்டாண்டிலிருந்து வந்துவிடும். ஹெட்டைப் பேச்சியம்மாள் பிள்ளையைப்போல் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். ஸ்டாண்டைத் தூக்க மார்க்கெட் ஆட்கள் நாலு பேரை சுடலைமுத்து கெஞ்சிக் கூட்டிக்கொண்டிருந்தார்.

வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பொன்னம்மாள், பேச்சியம்மாளின் இடுப்பைப் பார்த்தார். "என்ன மதினி, தலை மட்டும் வருது, காலைக் காணோம்?"

"கால் நோவுதுன்னு நின்னுட்டு மதினி. ஆள் வச்சுத் தூக்கிட்டு வாராக" என்று பேச்சியம்மாள் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போய்விட்டார். அப்போது மணி பத்து இருபத்தெட்டு.

ஸ்டாண்டு வாசலுக்கு வந்தபோது என் கைக்கடிகாரத்தில் பத்து முப்பத்திரண்டு. நான் பொய் சொல்வதில்லை. பொன்னம்மாள் கேட்டார், நான் சொன்னேன். தெருவில் சிரிப்பு நின்றது. சுடலைமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார். உள்ளே ஜன்னலோரத்தில் எலுமிச்சங்கூடைகள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தன.

பொன்னம்மாள் மூக்கை உறிஞ்சினார். "ஏட்டி, அடுப்புல ஏதும் வச்சிருக்கியா?" என்று மூத்த மருமகளைக் கேட்டார்.

"இல்ல அத்தை. இந்த வாசம் அப்பவே வந்துட்டு. நீங்க தட்டு எடுக்கப் போனிகல்லா, அப்பவே அடுக்களை பூராவும் கருப்பட்டி" என்றாள் அவள்.

"எங்க வண்டிதான் அத்தை" என்றேன் நான், எந்த முறை வைத்துக் கூப்பிடுவது என்று தெரியாமல்.

பொன்னம்மாள் என்னைப் பார்த்தார், தெருமுனையில் புகைந்த காரைப் பார்த்தார். சிரிப்பில் அவருடைய வயிறுதான் முதலில் குலுங்கியது. "அப்போ இனிப்பு ராகு காலத்துக்கு முன்னாலயே அடுக்களை வரைக்கும் வந்தாச்சு. பின்னாலேயே தலை வந்துட்டு. காலு ரெண்டு நிமிசம் பிந்துனா என்ன? இப்படி மணக்க மணக்க இந்தத் தெருவுல எவ வீட்டுச் சீரு வந்துச்சு? தூக்கிட்டு வாங்கவே உள்ள!"

முதல் கூடையை அவரே தூக்கினார். நான் மெஷினைத் தெற்குப் பார்த்துப் போட்டு, ஹெட்டை மாட்டி, மூத்த மருமகள் கொடுத்த கிழிந்த தலையணை உறையில் ஒரு தையல் ஓட்டிக் காட்டினேன். கிழக்கு வெளிச்சம் ஊசிமேல் இடது பக்கமாக விழுந்தது. "புதுப் பொண்ணு எனக்கும் சொல்லிக் குடுப்பாளா?" என்று அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள். "குடுப்பா" என்றேன். கோமதியைக் கேட்காமல் நான் அன்று கொடுத்த வாக்கு அது ஒன்றுதான்.

ஏஜெண்டுகள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவே. சின்னக் காரை நம்பலாம், மூச்சுவிட இடம் கொடுத்தால். மாலை போட வந்தால் கூரைமேல் போடச் சொல்லுங்கள். கூடவே ஒரு டின் தண்ணீர் வையுங்கள். வெயில் தாழ்ந்ததும் அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி அலசி, தள்ளிவிட்டு, மெதுவாகத் திரும்பினோம்.

சனிக்கிழமை ஐந்தரைக்கு எழுந்தேன். வாசலிலிருந்து காருக்கும் காரிலிருந்து ரேடியேட்டர் மூடிக்கும் எறும்புகள் ஒரு கோடு கிழித்தாற்போல் போய்க்கொண்டிருந்தன. செல்லம்மாள் காபியை நீட்டினாள். வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டு, வரிசையை மாற்றி, காபிக்கும் முன்னால், ஒட்டியிருந்த கருப்பட்டி கரைய ஒரு குடம் வெந்நீரை ரேடியேட்டரில் ஊற்றினேன்.