வறண்ட கண்மாயில் ஐந்தாவது குரல்

சமயநல்லூர்க் கண்மாயில் படகு விடக் கற்றுக்கொண்டவர்கள் நான்கே பேர்தான். அதில் நான் ஒருத்தி. கண்மாயில் அப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் யாராவது கேட்டு நான் விழிப்பதைவிட அது மேல்.

எனக்குப் பத்து வயது. கோடை விடுமுறை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். ஒரு காலையில் குட்டியானை என்று நாங்கள் சொல்லும் சின்ன லாரி வாசலில் வந்து நின்றது. அதன் மேல், வண்டியைவிட நீளமாக, மஞ்சள் நிறத்தில் ஒரு படகு கட்டியிருந்தது. முன் இருக்கையிலிருந்து சித்தி இறங்கினாள்.

சித்தி என் அம்மாவின் ஒரே தங்கை. கிழக்கே கடற்கரையில், சுற்றுலா வருகிறவர்களுக்குக் கயாக் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. காலை நீட்டி ஒருவர் மட்டும் உட்கார்ந்து, இரு பக்கமும் துடுப்புப் போட்டுப் போகிற ஒடிசலான படகு அது. கற்றுக்கொடுத்த பிறகு அவர்களைச் சின்னத் தீவு வரைக்கும் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கவும் வேண்டும். எங்கள் பக்கத்தில் கிணறு, கண்மாய், எப்போதாவது ஓடும் வைகை தவிர வேறு நீர்நிலை யாருக்கும் பழக்கமில்லை. ஒரு பெண் கடலில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறாள் என்று சொன்னால் உறவினர்கள் சிரித்துவிடுவார்கள் என்று பயந்து, டீச்சர் வேலை என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். என்ன பாடம் என்று கேட்டவர்களுக்கு அப்பா, ‘பிராக்டிகல்’ என்று பதில் சொல்வார்.

ஒவ்வொரு கோடையிலும் கருவாடும் சங்கும் பை நிறையக் கதைகளுமாக வருகிறவள் அந்த முறை படகையும் தன் லைஃப் ஜாக்கெட்டையும் தவிர எதையும் கொண்டுவரவில்லை. வந்தவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அம்மா எங்களைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னாள். சித்தி கடலுக்குக் கூட்டிப்போன ஐந்து பேரில் ஒருவர் திரும்பி வரவில்லை. அடுத்த மாதம் விசாரணை. சித்தி மேல் தப்பு உண்டா இல்லையா என்று அங்கே முடிவு செய்வார்கள். அவள் மறுபடி கடலுக்குப் போவதும் போகாததும் அதைப் பொறுத்தது. அதுவரை அவளிடம் யாரும் கடலைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது.

நாங்கள் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே திறந்தாள். கயாக் கற்றுக்கொள்கிறீர்களா என்று எங்களைக் கேட்டாள். எங்களை என்றால் நான், ஆறு வயதுத் தம்பி, விடுமுறைக்கு வில்லாபுரத்திலிருந்து வந்திருந்த அத்தையின் இரண்டு மகன்கள். நான்தான் மூத்தவள். அணையில் தண்ணீர் திறக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று அப்பா நயமாகச் சொல்லிப் பார்த்தார்.

“தண்ணி வாரப்ப வரட்டும் மாமா. மொதல்ல இதுக உக்காரப் பழகட்டும்” என்றாள் சித்தி.

எதிலாவது மனம் போனால் சரி என்று பெரியவர்கள் விட்டுவிட்டார்கள். படகு ஒன்றுதான் இருந்தது. அதனால் முறை வைத்து ஒருவர் கயாக்கிலும், மற்ற மூவர் துணி அலசுகிற பெரிய பிளாஸ்டிக் டப்புகளிலும் உட்கார்ந்தோம். துடுப்புக்கு ஒட்டடைக் கம்பு. கண்மாயில் காலையில் ஆடு மேயும், மாலையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆள் இல்லாத நேரம் உச்சி வெயில்தான். அந்த வேளையில் மடைப்பக்கம் போகக் கூடாது என்று அம்மா பயந்தாள். கடலிலும் வெயில் அடிக்கத்தான் செய்யும் என்று சித்தி சொல்லிவிட்டாள்.

முதல் நாள் எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வெடித்துக் கிடந்த களிமண்மேல் வரிசையாக டப்புகள். இருபதடி இடைவெளி. எல்லோருக்கும் முன்னால், லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி சித்தி. கடைசியில் வருகிறவர் கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்று என்னைக் கடைசியில் உட்கார வைத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முன்னால் பார்த்தபடிதான் துடுப்புப் போட வேண்டும். திரும்பினால் படகு கவிழும். காலை வெளியே வைக்கக் கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

இரண்டாம் நாள் தம்பியின் செருப்பு நழுவி விழுந்தது. எடுக்க இறங்கினான். சித்தி போட்ட சத்தத்தில் கரைமேல் இருந்த காக்கைகள் எழும்பிப் போயின. கயிற்றை வீசி, பிடித்துக்கொள்ளச் சொல்லி, அவனை மண்ணோடு மண்ணாக இழுத்து டப்பில் ஏற்றினாள். அவனுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. அன்றைக்குப் பாடம் முடிந்து கரைக்கு வந்ததும் சித்தி குனிந்து, கால்சட்டையின் ஓரங்களைப் பிழிந்தாள். காய்ந்த துணி. அதை முறுக்கிப் பிழிந்து, உதறி, மறுபடியும் பிழிந்தாள். நாங்கள் நான்கு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இதைவிட எனக்குப் பயமாக இருந்தது எண்ணிக்கை. முன்னால் போகிறவர் அடிக்கடி திரும்பிப் பார்க்க முடியாது. அதனால் கடலில் குரல் கொடுத்துத்தான் ஆட்களைச் சரிபார்ப்பார்களாம். சித்தி விசில் ஊதுவாள். முதல் ஆள் ஒன்று என்று கத்த வேண்டும், அடுத்தவன் இரண்டு, தம்பி மூன்று, நான் நான்கு. அதோடு முடிய வேண்டும். முடியாது. நான் நான்கு சொன்ன பிறகும் சித்தி தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருப்பாள். இன்னொரு எண் வந்து சேருகிற நேரம். கருவேல மரங்களில் காற்று வந்து போகும். எனக்குப் பின்னால் வெறும் கண்மாய்தான் என்று தெரியும், ஆனால் திரும்பிப் பார்க்கக் கூடாது. முதுகு சில்லிட்டுப் போகும், அந்த வெயிலில். அப்புறம் அவள், “சரி” என்பாள். துடுப்புப் போடத் தொடங்குவோம்.

நாளாக ஆக அந்த இடைவெளி நீண்டது. கானல் எழும்பி, தூரத்துக் கரை தண்ணீரில் நிற்பதுபோல ஆடும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் டப்பும் லேசாக அசைவதுபோல இருக்கும். ராத்திரி படுக்கையிலும் எனக்கு அந்த அசைவு நிற்கவில்லை. அத்தையின் சின்ன மகன் என்னிடம் ரகசியமாக, அக்காவுக்குப் பின்னால் யாரு வாராக என்று கேட்டான். நான் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தேன். பதில் தெரியாததால் வைத்த குட்டு.

பன்னிரண்டாவது நாளோ பதின்மூன்றாவது நாளோ நினைவில்லை. அன்றைக்கு அனல் காற்று. வீட்டில் அம்மா கோழி அடித்திருந்தாள், அதன் வாசனை என் மூக்கிலேயே இருந்தது. சித்தி விசில் ஊதினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவள் காத்திருந்தாள். காத்துக்கொண்டே இருந்தாள். தம்பி மெல்ல அழ ஆரம்பித்தான். சித்தி அசையவில்லை. ஒரு ‘சரி’ வந்தால் வீட்டுக்குப் போய்விடலாம். அந்த ‘சரி’க்கு என்ன வேண்டுமென்று எனக்குத் தெரிந்திருந்தது.

நான் குனிந்து, இரண்டு கையையும் வாயருகே குவித்து, டப்புக்குள் முகத்தை விட்டு, கனத்த குரலில் ஐந்து என்று சொன்னேன்.

என் குரல் போலவே இல்லை. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. முன்னால் இருந்த மூன்று முதுகுகளும் விறைத்துக்கொண்டன.

சித்தி திரும்பினாள். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் அந்தக் கோடை முழுக்க நான் பார்க்காத ஒரு தெளிவு வந்திருந்தது. என்னை நோக்கி வந்தாள். ஓடவில்லை. முழங்கையை உயர்த்திக்கொண்டு, ஒவ்வோர் அடியாக இழுத்து வைத்து, மார்பளவுத் தண்ணீரில் நடக்கிறவர்கள் நடப்பதுபோல வந்தாள். என் டப்புக்கு முன்னால் மண்டியிட்டு என் தோளைப் பிடித்தாள். விரல்கள் அவ்வளவு வெயிலிலும் குளிர்ந்திருந்தன.

“உனக்குக் கேட்டுச்சாடி? அஞ்சுன்னு ஒரு சத்தம், உனக்கும் கேட்டுச்சுல்ல?”

மாட்டிக்கொண்டேன் என்று மட்டும்தான் எனக்குப் பட்டது. அடி விழுமா, கோழிக்குழம்பு போய்விடுமா, அம்மாவிடம் சொல்வாளா. கண்ணை அகல விரித்து, பள்ளிக்கூடத்தில் எத்தனையோ முறை கைகொடுத்த அந்த முகத்தை வைத்துக்கொண்டேன்.

“இல்லையே சித்தி. நாலோட நின்னுபோச்சே.”

அவள் மற்ற மூன்று பேரிடமும் போய்க் கேட்டாள். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் பல்லைக் கடித்து, இல்லை என்று தலையை ஆட்டினேன். மூன்று பேரும், கேட்கவில்லை என்றார்கள். தம்பி சொல்லும்போது அவன் கால்சட்டையும் டப்பும் நனைந்திருந்தன.

சித்தி லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதை மடித்துக் கயாக்கின்மேல் வைத்தாள். குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து விரலால் நொறுக்கிப் பார்த்தாள்.

“எறங்குங்க எல்லாரும். தண்ணி இல்ல” என்றாள்.

அத்தோடு பாடம் முடிந்தது. வழியில் பையன்களிடம், அந்தச் சத்தத்தைப் பற்றி வாய் திறந்தால் அது வீட்டுக்கே வந்துவிடும் என்று சொல்லிவைத்தேன். அவர்கள் இன்றுவரை திறக்கவில்லை. என்ன கொடுமை என்றால், சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. டப்புக்குள்ளிருந்து எழும்பிய குரல் என்னுடையதுதானா என்று சில ராத்திரிகளில் சந்தேகம் வரும்.

சித்தி மறுநாளிலிருந்து ஒழுங்காகச் சாப்பிட்டாள். தெளிந்துவிட்டாள் என்று அம்மா மாரியம்மனுக்கு மாவிளக்கு வைத்தாள். அடுத்த மாதம் விசாரணைக்குப் போய்த் திரும்பிவந்த சித்தி, மறுபடி கடலுக்குப் போகவே இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். இனி வருடம் முழுக்கச் சித்தி நம்மோடுதான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கயாக்கை அப்பா குறுக்கே அறுத்து, ஒரு பாதியை எருமைக்குத் தண்ணீர்த் தொட்டியாக்கினார். சித்தி வில்லாபுரத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

கல்லூரி முடிக்கிற வயதில்தான் அம்மா எனக்கு மீதியைச் சொன்னாள். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் சொன்னாள். அன்றைக்குக் கடலில் திரும்பும் வழியில் சித்தி விசில் ஊதி எண்ணியிருக்கிறாள். காற்றில் ஐந்து குரலும் வந்திருக்கின்றன. அதை நம்பித் துடுப்புப் போட்டிருக்கிறாள். கரைக்கு வந்தால் நான்கு பேர். ஐந்தாவது குரல் கேட்கவே இல்லை என்று நான்கு பேரும் சாதித்துவிட்டார்கள். சித்தி மட்டும் கேட்டது கேட்டது என்று தலையில் அடித்துக்கொண்டாள். நம்பத்தான் ஆள் இல்லை.

“கடைசியில அவளே போயி, எனக்கு இல்லாத சத்தமெல்லாம் கேக்குது, தப்பு எம்மேலதான்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டா. எங்க வச்சு அவளுக்கு அப்பிடித் தெரிஞ்சுச்சோ” என்றாள் அம்மா.

எங்கே வைத்துத் தெரிந்தது என்று எனக்குத் தெரியும். பின்தங்கிப்போன ஒருவருக்காக, பசியிலோ வெயிலிலோ அவசரத்திலோ, அந்த நான்கு பேரில் ஒருவர் ஐந்து என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் எப்படிச் சொல்லியிருப்பார் என்று தெரியும். பிறகு எப்படி முகத்தை வைத்திருந்திருப்பார் என்பதும் தெரியும்.

சித்தியிடம் சொல்லிவிட வேண்டும் என்று வில்லாபுரத்துக்கு இரண்டு முறை போய், டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு எல்லோரும் வேனில் போனோம். கிளம்பும் முன்னால் ஆட்கள் சரியா என்று சித்திதான் எண்ணினாள். யாரையும் குரல் கொடுக்கச் சொல்லவில்லை. இருக்கை இருக்கையாக வந்து, ஒவ்வொரு தலைமேலும் கையை வைத்து எண்ணினாள். என் தலைமேலும் வைத்தாள். அதே குளிர்ந்த விரல்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அடுத்த இருக்கைக்குப் போய்விட்டாள்.

பத்து வயதில் பெரியவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்: யார் செய்தது? அன்றைக்குக் கண்மாயில் சித்தி அதைக் கேட்கவில்லை. தனக்குக் கேட்டது இன்னொருவருக்கும் கேட்டதா என்றுதான் கேட்டாள்.