ஏழாவது ஆளுக்குப் பதில்

கள்ளக்குறிச்சி கால்பந்து அணிக்கு நான் ரசிகனான அன்று பந்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ரோட்டில் வெட்டிப் போட்டிருந்த ஒரு புளியமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது. பஸ் கிடையாது. என்னோடு அறையில் தங்கியிருந்தவன் அந்த அணியின் கோல் கீப்பர். லீக்கில் கடைசி டிவிஷன், அதிலும் கடைசி இடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சைக்கிளைக் கேட்டு வந்து நின்றான். தியாகதுருகத்தில் மேட்ச். ஏற்கெனவே இரண்டு ஆட்டத்துக்கு இவர்கள் போய்ச் சேரவில்லை. மூன்றாவதும் போகாவிட்டால் லீக்கிலிருந்து பெயரையே எடுத்துவிடுவார்களாம். ஏழு பேராவது மைதானத்தில் நின்றால்தான் ஆட்டம். இருந்தது ஆறு பேர்.

சைக்கிள் விஷயத்தில் நான் மகா கஞ்சன். இரவல் தர மனசு வரவில்லை. அவனைப் பின்னால் உட்காரவைத்து நானே மிதித்தேன். சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போகாததுதான் மிச்சம்.

ஏழாவது ஆள் வழியிலேயே இருந்தான். அணியில் பேக் ஆடும் தடுப்பாட்டக்காரன், மறியல்காரர்களோடு அந்தப் புளியமரத்தின் மேல்! எங்களைப் பார்த்ததும் எழுந்து அங்கிருந்த பெரியவரிடம் போனான்.

"ஒரு ரெண்டு மணி நேரம் உடுங்கண்ணே. ஆடிட்டு ஓடியாந்துடுறேன்."

"நீ போயிட்டா இங்க ஆளு கம்மியாயிடும்டா. போலீஸ் வந்தா இன்னா பண்றது?"

கோல் கீப்பர் கொஞ்சமும் கூசாமல் என்னைக் காட்டினான். "இவன உட்டுட்டுப் போறோம்ணே. ஆளுக்கு ஆளு சரியாப்போச்சு."

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். "மலையடிவாரம்ங்க" என்றேன். வழக்கமாக அதற்கடுத்து வரும் கேள்வியை ஏனோ கேட்காமல் விட்டார். "குந்துப்பா" என்றார். என் சைக்கிளை நாலு பேர் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். பேக்கும் கோல் கீப்பரும் அதில் ஏறிப் போயேவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

மத்தியானம் எனக்கும் ஓர் இலை போட்டுப் புளிச்சோறு வைத்தார்கள். பக்கத்தில் இருந்தவர் சும்மா இருக்கமாட்டாமல், "டீமு எப்படி?" என்றார். ஒரு ஆட்டமும் பார்த்திராத நான், "எங்க கீப்பரைத் தாண்டி ஒரு பந்து போவாதுங்க" என்று அளந்துவிட்டேன். என் வாயிலிருந்து 'எங்க' என்று வந்துவிட்டது! அதற்குப் பிறகு மரத்தில் இருந்த அத்தனை பேரும் தியாகதுருகம் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். போலீஸ் வருமோ என்ற பயம்கூட மறந்துபோனது.

வெயில் சாய்ந்ததும் வந்தார்கள், உடம்பெல்லாம் செம்மண். பேக் தூரத்திலேயே கத்தினான்: "ஆடிட்டோம்ணே! பேரு தப்பிச்சிடுச்சு!"

"கோல் எத்தினி?" என்றார் பெரியவர்.

"அஞ்சுக்கு சைபர். நமக்குத்தான் சைபர்."

நான் மரத்திலிருந்து குதித்தேன். "அஞ்சா? காலைலேர்ந்து இங்க குந்திக்கினு கெடக்குறேன், அஞ்சு உட்டுட்டு வர்றீங்களா?" மறியல்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பும்போது கோல் கீப்பரோடு பேசவே கூடாது என்றுதான் மிதித்தேன். பாதி வழி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அதற்கு மேல் முடியவில்லை.

"அடுத்த மேட்ச் யாரோட?" என்று கேட்டேன்.