இலைக்கு இரண்டு ஓட்டை

அஸ்தினாபுரத்தில் ஓர் அடுக்குமாடி வாசலில் ஞாயிறுதோறும் இயற்கைக் கீரை விற்பவர் அவர். நரைத்த மீசை. காதில் எப்போதும் எரிந்து முடிந்த ஊதுவத்திக் குச்சி ஒன்று செருகியிருக்கும். தாம்பரம் மார்க்கெட்டில் நான் மூட்டை இறக்கிய நாட்களில், ஒரு ஞாயிறு காலை, மருந்தடித்த கீரையை அவர் கட்டுக்கட்டாக வாங்குவதைப் பார்த்தேன். பிறகு ஓரமாக உட்கார்ந்து, அந்தக் குச்சியால் இலைகளில் ஓட்டை போட்டார்.

“இன்னா நைனா, பூச்சி வேலைய நீயே செஞ்சிகினு கீற?”

அவர் நிமிரவில்லை. “இலைக்கு ரெண்டு ஓட்டை இருந்தா நம்புவாங்க. ஆறு இருந்தா சொத்தைன்னுவாங்க. என் நிலத்துப் பூச்சிக்கு எண்ணத் தெரியல.”

அரை ஏக்கரில் மூன்று வருஷமாக மருந்தே போடவில்லையாம். விளைச்சல் பாதியாகிவிட்டது. இந்த முறையும் தேறாவிட்டால் நிலத்தை விற்கச் சொல்லி மகன்கள் நின்றார்கள்.

அன்று கூடை தூக்கிக்கொண்டு அவரோடு நானும் அந்த வாசலுக்குப் போனேன். மார்க்கெட் கீரை சீக்கிரமே தீர்ந்தது. அவர் நிலத்துக் கீரை மட்டும் நாலு கட்டு மிஞ்சியது. ஓர் அம்மா ஒன்றைப் பிரித்தார். பச்சைப் புழு நெளிந்தது.

“சீ, இதையெல்லாம் விக்கலாமா அண்ணா? போன வாரம் குடுத்தீங்களே, அந்த ஒரிஜினல் கீரை இல்லையா?”

“அடுத்த வாரம் கொண்டாறேம்மா.”

அம்மா போனதும் புழுவை விரலில் எடுத்து, நசுக்காமல் இலையிலேயே திரும்ப விட்டார்.

நிலம் கைமாறிவிட்டது. அவர் இன்னும் அதே வாசலில் இயற்கைக் கீரை விற்கிறார். வியாபாரம் நன்றாகவே போகிறது. அந்தப் புழுவை ஏன் விட்டார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.