மரத்துக்கு அடியில் ஒரு வருடம்

செவன் ஹில்ஸில் ஒரு வீட்டுக்குப் பழைய வாஷிங் மெஷின் வாங்கத்தான் போனேன். கதவைத் திறந்தவர் என் கையில் டார்ச்சைத் திணித்தார். "நல்ல நேரத்தில வந்தனீங்கள் தம்பி, இதைப் பிடியுங்கோ!"

கராஜ் மேசையில் பின்லாந்துப் படையின் பழைய துப்பாக்கி. பழைய துப்பாக்கிகள் சேகரிப்பவராம்; இது அன்றுதான் வந்து சேர்ந்ததாம். இலங்கையிலிருந்து வந்து இங்கே குடியேறிய ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. துப்பாக்கியைத் தொடும் போதெல்லாம் குண்டு போடும் இடத்து போல்ட்டைத் திறந்து, சுண்டுவிரலை விட்டு, குண்டு இல்லையென்று பார்த்துக்கொண்டார். வைத்த கையோடு எடுத்தாலும் அதேதான்.

ரஷ்யத் துப்பாக்கிகளின் இரும்பு உடலை எடுத்து, பின்லாந்துக்காரர்கள் தங்கள் குழலையும் மரத்தையும் பூட்டினார்களாம். அந்த உடல் பிறந்த வருடம் மரத்துக்கு அடியில் மறைந்திருக்கும். கடைசித் திருகாணி கழன்றதும் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தோம்.

"ஐயோ, ஜார் மன்னர் காலத்துச் சாமான்!" என்று, அங்கே பொறித்திருந்த வருடத்தைப் படித்துத் துள்ளினார். எனக்கென்ன தெரியும், நானும் கத்தினேன். வாஷிங் மெஷின் மறந்தே போயிற்று.

அவர் மரத்தைத் திரும்பப் பூட்டும்போது கேட்டேன்: "இலங்கையில பார்த்த துப்பாக்கி போதாதா அங்கிள்?"

"அங்க துவக்கு வெளியில திரிஞ்சது. நாங்கள்தான் உள்ள ஒளிச்சிருந்தனாங்கள்."

மறுபடி சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். இரும்பு அலுமாரிக்குள் துப்பாக்கியை வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"இப்ப அது உள்ள. நான் வெளியில."