மும்பை ஓட்டுப் போட்டால் விருதுநகருக்குப் பொங்கல்

விருதுநகர் பஜாரில் பருப்புக் கடைகளுக்கு நடுவே ஒரு பங்குத் தரகு அலுவலகம் இருக்கிறது. யோகலட்சுமி அங்கே டெர்மினல் என்கிற வணிகக் கணினியில் உட்காருகிறவள். வாடிக்கையாளர் கைகாட்டும் பங்கை வாங்க வேண்டும், விற்கச் சொன்னதை விற்க வேண்டும். ஒன்பதேகாலுக்கு மார்க்கெட் திறந்தால் மூன்றரைக்கு மூடும்வரை அவள் நாற்காலியை விட்டு எழுவது அநேகமாக இல்லை. தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட, "எங்கம்மா கிளம்பிட்ட?" என்று பின்னாலிருந்து குரல் வரும். ஆமத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். ஊரில் நிலம் உண்டு. மழையை நம்பிய நிலம் என்பதால் இந்த வேலையும் உண்டு.

அலுவலகம் லட்சுமிகாந்தம் அண்ணாச்சியுடையது. கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர். நல்ல மனிதர் என்று ஊரில் சொல்வார்கள். ஊர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்ளலாம்.

யோகலட்சுமியின் கோபம் விடுமுறையைப் பற்றியது. பங்குச் சந்தை மும்பையில் இருக்கிறது. அதனால் மும்பை எப்போது ஓய்கிறதோ அப்போதுதான் அதுவும் ஓயும். ஹோலிக்கு மூடுவார்கள். விருதுநகரில் அன்றைக்கு யார்மேலும் ஒரு சொட்டுச் சாயம் விழாது. மகாராஷ்டிரம் மாநிலமான நாளுக்கு மூடுவார்கள். தைப் பொங்கலுக்கு மூட மாட்டார்கள். போன நாடாளுமன்றத் தேர்தலில் விருதுநகர் ஓட்டுப் போட்ட அன்று மார்க்கெட் திறந்திருந்தது. விடியற்காலையில் போய் வரிசையில் நின்று, விரலில் மை காய்வதற்குள் பஸ் பிடித்தாள். ஒரு மாதம் கழித்து மும்பை ஓட்டுப் போட்ட அன்று மார்க்கெட் மூடிக் கிடந்தது. அந்த ஊர் ஓட்டுக்கு இருக்கும் மரியாதை இந்த ஊர் ஓட்டுக்கு இல்லையா என்று கேட்டாள். அண்ணாச்சி சிரித்தார்.

இத்தனைக்கும் அவள் கணவன் ஜெயபாண்டி சிவகாசியில் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் வேலை பார்க்கிறான். நாட்டுக்கே பண்டிகை தேதிகளை அச்சடித்துக் கொடுக்கிற ஊர்.

"ஆர்டர் குடுக்கிறவன் எங்கன செகப்பு போடச் சொல்றானோ அங்கன போடுவோம்," என்பான் அவன். "பம்பாய் லோடுக்கு அவன் திருவிழா செகப்பு. நம்ம ஊரு லோடுக்கு நம்ம திருவிழா செகப்பு."

"எங்க ஆபீஸ்ல தொங்குறது நம்ம ஊரு காலண்டர்தான? அதுல செகப்பா இருக்கிற அன்னிக்கு நான் எதுக்கு வேலைக்குப் போறேன்?"

"அத எங்கிட்ட கேட்டா? நான் மை ஊத்துறவன்."

இந்த ஜனவரியில்தான் அது நடந்தது. பொங்கலுக்குச் சில நாள் முன்பு அண்ணாச்சி செல்போனைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார்.

"ஏம்மா யோகா, இந்தப் பொங்கலுக்கு மார்க்கெட் லீவு! போதுமா?"

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "பொங்கலுக்காகவா அண்ணாச்சி?"

"பொங்கலுக்கு எவன் விடுவான்? பம்பாய் பக்கம் மாநகராட்சி எலெக்சனாம். அன்னிக்குப் பாத்து நம்ம பொங்கலும் வந்துருச்சு."

சாய்வு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பருப்பு மில் சங்கரலிங்கம் தொடையைத் தட்டினார். "வருசா வருசம் அவுக எலெக்சன் வைக்கணும்னு நேந்துக்கம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். யோகலட்சுமி சிரிக்கவில்லை. அந்தப் பொங்கலன்று வீட்டில் பானை பொங்கியபோது குலவை போட்டாள். ஆனாலும் நெஞ்சில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. தன் பண்டிகை என்பதற்காகக் கிடைக்காத ஓய்வு, முன்பின் பார்த்திராத ஊரின் வார்டுத் தேர்தலுக்காகக் கிடைத்தால் அதை எப்படி வாங்கிக்கொள்வது? பட்டினியைவிடப் பிறர் இலையில் மிஞ்சியதை உண்பது அதிகம் சுடும். அன்றைக்கு அவள் ஒன்றைத் தீர்மானித்தாள். ஊர் மாரியம்மனுக்கு வைக்கிற பங்குனிப் பொங்கலுக்கு யாரிடமும் மிச்சம் வாங்குவதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு மகள் அழகுமீனா காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, விருதுநகர் மாரியம்மனுக்கு என் கையால் அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். மகள் பிழைத்தாள். சட்டியோ இதுவரை அவள் கைக்கு வரவில்லை. பங்குனிப் பொங்கல் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை; அதற்கு மறுநாள்தான் சட்டி எடுப்பது. மறுநாள் திங்கட்கிழமை. திங்கட்கிழமை மார்க்கெட். பங்குனியில் பிரஸ்ஸில் வேலை மந்தம் என்பதால் அவளுக்குப் பதில் ஜெயபாண்டியே சுமந்தான். தன் வேண்டுதலைப் புருஷன் சுமந்து போவதை அலுவலகக் கண்ணாடிக் கதவு வழியாக மூன்று முறை பார்த்திருக்கிறாள்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. அன்றைக்கு ஊரே கடையடைப்பு. மில் ஓடாது, மண்டி திறக்காது. கடையைப் பூட்டிய முதலாளிகளுக்கு அம்மனைக் கும்பிட்ட பிறகு பொழுது போக வேண்டாமா? நேராக இங்கே வந்து பெஞ்சை நிரப்புவார்கள். ஊர் ஓய்கிற நாளில்தான் அவளுக்கு வேலை அதிகம். பரீட்சை எழுதித் தேறியவர்கள்தான் டெர்மினலில் உட்காரலாம்; அப்படிப்பட்டவர்கள் அங்கே இரண்டே பேர், அவளும் அண்ணாச்சியும். அண்ணாச்சி அன்று வாசலில் தண்ணீர்ப் பந்தல் போட்டு நிற்பார். அது அவர்கள் குடும்ப வழக்கம்.

இந்தப் பங்குனியில் மஞ்சள் சேலையும் கையில் காப்புமாக அவள் போய்க் கேட்டாள்.

"திங்கக்கெழம நான் வர மாட்டேன் அண்ணாச்சி. சட்டி எடுக்கிறேன்."

"மூணரைக்கு மேல எடேன். ஆத்தா எங்க போயிரப் போறா?"

"ஊர்வலம் காலையில போகுது. நான் மட்டும் சாயங்காலம் தனியா தீயத் தூக்கிட்டுப் போகவா?"

"மார்க்கெட் இருக்கேம்மா. நானா தொறந்து வைக்கிறேன்? பம்பாய்க்காரன் தொறக்கிறான்."

யார் கையிலும் இல்லாத அதிகாரத்தை எதிர்த்து யாரிடம் சண்டை போடுவது? அண்ணாச்சி மும்பையைக் காட்டுவார். மும்பைக்கு இப்படி ஒரு அம்மன் இருப்பதே தெரியாது. ஆனால் 'போகாதே' என்று சொல்லவோ 'போய் வா' என்று சொல்லவோ எதிர் நாற்காலியில் ஓர் ஆள் இருக்கத்தானே செய்கிறார் என்று அவள் நினைத்தாள். மறுபேச்சுப் பேசாமல் திரும்பினாள். அவள் சம்மதித்துவிட்டதாக அண்ணாச்சி எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மார்க்கெட் திறந்தது, அவள் வரவில்லை. போனை எடுக்கவில்லை. அண்ணாச்சியே டெர்மினலில் உட்கார வேண்டியதாயிற்று. வெளியே பந்தலில் குடங்கள் நிரம்பியிருந்தன, ஊற்ற ஆளில்லை.

"என் பங்குல இருநூறு வித்துருங்க," என்றார் சங்கரலிங்கம்.

"இருங்க, இருங்க."

அப்போதுதான் தெருமுனையில் கொட்டுச் சத்தமும் 'ஆகோ அய்யாகோ' என்ற பக்தர்களின் குரலும் கேட்டன. சட்டி வருகிறது. தீச்சட்டி ஏந்தி வருகிறவர்களை இந்த ஊர் மனிதர்களாகப் பார்ப்பதில்லை, அம்மனாகவே பார்க்கும். சுடுகிற தார்ச்சாலையில் வெறுங்காலோடு வரும் அவர்கள் பாதத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிடாவிட்டால் வீட்டுக்கு ஆகாது. அண்ணாச்சி துள்ளி எழுந்தார். மும்பைக்காரன் திறந்து வைத்த மார்க்கெட் திறந்தபடியே கிடந்தது.

"அண்ணாச்சி, என் இருநூறு!"

"ஆத்தா வர்றா, ஒனக்கு இருநூறா?"

குடத்தைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்கு ஓடினார். வருகிற கால்களுக்கெல்லாம் குனிந்து ஊற்றினார். முகம் பார்க்கவில்லை, அம்மனுக்கு ஊற்றும்போது முகம் பார்க்கத் தேவையில்லை. ஒரு ஜோடிக் கால் மட்டும் ஊற்றிய பிறகும் நகராமல் நின்றது. நிமிர்ந்தார். யோகலட்சுமி. நெற்றியில் அப்பிய மஞ்சள், வியர்வை, இரு கைகளிலும் வேப்பிலை சுற்றிப் பிடித்த சட்டி, அதற்குமேல் நின்று எரிகிற தீ. பக்கத்தில் ஜெயபாண்டி, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு.

அண்ணாச்சி வாயைத் திறந்தார். என்ன கேட்க வந்தாரோ தெரியாது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு குடத்தை எடுத்து அவள் காலில் முழுசாக ஊற்றி, கையெடுத்துக் கும்பிட்டார். அவள் அசைந்து நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை வழக்கமான நேரத்துக்கு முன்பே வந்து திரையைத் திறந்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது. அண்ணாச்சி கோயில் விபூதியோடு வந்து நின்றார். சங்கரலிங்கம் பெஞ்சில் காது கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

"நேத்து யாரக் கேட்டு லீவு போட்ட?"

"கேட்டேன். நீங்க தரல."

"அப்புறம்?"

"நீங்கதான தண்ணி ஊத்திக் கும்பிட்டு அனுப்பி வச்சீக? அங்கனயே 'போகாத, உள்ள வா'ன்னு சொல்லியிருக்கலாம்ல அண்ணாச்சி."

சங்கரலிங்கத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணாச்சி அவரை முறைத்தார். பிறகு காலண்டரை முறைத்தார்.

"அடுத்த வருசம் முன்னாடியே சொல்லிரு."

"இந்த வருசமும் முன்னாடியேதான் சொன்னேன்."

 அண்ணாச்சி உள்ளே போய் விளக்கேற்றினார். நியாயம் கிடைத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை. குனிந்து கும்பிட்டவர் தீயைத்தான் கும்பிட்டார், அவளை அல்ல. சட்டியை இறக்கியதும் அவள் மறுபடியும் நாற்காலியில் உட்காருகிறவள்தான். அன்றைக்குத் தேரோட்டம். வடம் பிடிக்கிற சத்தம் பஜார்வரை கேட்டது. திரையில் மும்பை திறந்தது.

"நேத்து விக்காமப் போன என் இருநூற இப்ப வித்துரும்மா," என்றார் சங்கரலிங்கம்.

சிவந்த கையால் அவள் விற்றாள்.