கையில் வாங்க மறுத்த புத்தகங்கள்

2016-ஆம் ஆண்டு, பொங்கல் கழிந்த சமயம். நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். சுரங்கத்தில் வேலை பார்த்த என் கணவருக்கு மறு வருடம் ரிட்டையர்மென்ட். ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். மதுரையில் நாங்கள் வாங்கியிருந்த ஃபிளாட், எங்கள் குவார்ட்டர்ஸ் தோட்டத்தின் அளவுகூட இருக்காது. அதனால் இருக்கிற சாமான்களை அப்போதிருந்தே குறைக்க ஆரம்பித்தேன். கட்டில் போனது, பீரோ போனது. மனசு வராமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது புத்தகங்களைத்தான்.

அதிலும் வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருந்த வால்யூம்கள் இருந்தன. படங்களோடு, இடையில் வந்த சோப்பு விளம்பரங்களோடு அப்படியே இருக்கும். அந்தக் கதைகள் பின்னால் புத்தகமாக வந்திருக்கலாம். ஆனால் இந்த உருவத்தில் இன்னொன்று கிடைக்காது.

பழைய புத்தகங்களை விற்பதற்கும் வாங்குவதற்கும் ஃபேஸ்புக்கில் ஒரு குழு இருந்தது. வால்யூம்களைப் படம் எடுத்து அதில் போட்டேன். கீழே, ‘கூரியரில் மட்டுமே அனுப்பப்படும்’ என்று எழுதினேன். முன்பு ஒரு தடவை தபாலில் வரவழைத்த புத்தகம் மழையில் நனைந்து, பூரி மாதிரி உப்பிப்போய் வந்திருந்தது. அந்தப் பயம்.

அந்தக் குழுவில் முதலில் கேட்டவருக்கே கொடுப்பது வழக்கம். முதலில் கேட்டவர் ஒரு பெண். அவர் முகம் தெரியாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்பருத்திப் பூ படம். ‘எனக்கு வேணும். ஆனா ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. கூரியர் வேணாம்’ என்று எழுதியிருந்தார்.

முடியாது என்று எழுதினேன். அவரும் விடவில்லை. அவ்வளவுதான், குழுவே இரண்டு கட்சியாகிவிட்டது. கூரியர்தான் பத்திரம் என்று ஒரு கூட்டம். எங்கள் ஊருக்கெல்லாம் கூரியர் வருவதே இல்லை, தபால்தான் தெய்வம் என்று இன்னொரு கூட்டம். நடுவில் ஒருவர், பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினால் எந்தத் தொல்லையும் இல்லை என்றார். ‘வாங்குறவங்க இஷ்டத்துக்கெல்லாம் அனுப்ப முடியாது. தொலைஞ்சா திட்டு நமக்குத்தான்’ என்று ஒரு விற்பனையாளர் எனக்குப் பரிந்துகொண்டு வந்தார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

அந்தப் பெண் மட்டும் அசையவில்லை. ‘தொலைஞ்சா பொறுப்பு என்னுது’ என்று எழுதினார்.

‘உங்க பொறுப்பு சரி. ஆனா தொலைஞ்சா இன்னொன்னு கிடைக்காதே’ என்று நான் எழுத, ‘கிடைக்காதுன்னுதான் நானும் கேக்குறேன்’ என்று பதில் வந்தது.

என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டே இதையெல்லாம் வாசித்துச் சிரித்தார். “ஏன் சும்மா கெடந்து மல்லுக்கட்டுற? அந்தப் பொண்ணுகிட்ட ஒரு தடவ பேசிப் பாரேன்” என்றார்.

நம்பர் வாங்கிப் பேசினேன். கடலூர்ப் பக்கத்துப் பேச்சு. கலகலவென்று இருந்தது குரல். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம்.

“எங்கேருந்து பேசுறீங்க?” என்றேன்.

“இங்கதாங்க்கா, நெய்வேலியில. மைன்ஸ் கேன்டீன்ல கான்ட்ராக்ட்ல வேலை செஞ்சிகினு இருக்கேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பிளாக்குக்கும் அவர் வேலை பார்க்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு பஸ் தூரம்கூடக் கிடையாது. இதற்காகவா குழுவே அடித்துக்கொண்டது?

“அட, அப்ப ஏம்மா தபாலு கூரியருன்னு? சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, கையில வாங்கிட்டுப் போங்க. காபியும் குடிச்சிட்டுப் போகலாம்.”

“காபிக்கு ஒரு நாள் வர்றேங்க்கா. பொஸ்தகம் தபால்லயே வரட்டும்.”

“பக்கத்துல இருந்துக்கிட்டு...”

“என் பேரு போட்டு, எங்க வூட்டுக்கு வரட்டுங்க்கா” என்றார். அதற்கு மேல் விளக்கம் எதுவும் இல்லை. குரலில் பணிவு இருந்தது, இறங்கிவருகிற உத்தேசம் மட்டும் இல்லை.

ஆசை யாருக்கு எதில் இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன். வால்யூம்களைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, அதன் மேல் பழைய திரைச்சீலைத் துணியைப் போட்டுத் தைத்தேன். அவர் அனுப்பிய விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதினேன். காடாம்புலியூரைத் தாண்டி, முந்திரிக் காடுகளுக்கு நடுவில் இருக்கிற ஒரு சின்ன கிராமம். பெயர் வேண்டாம். விலாசத்தில் ஊர்ப் பெயருக்கு முன்னால் ‘காலனி’ என்று இருந்தது. எழுதும்போது அந்த வார்த்தையை நான் யோசிக்கவே இல்லை.

போஸ்ட் ஆபீசில் ரிஜிஸ்டர் பார்சலாக அனுப்பிவிட்டு வந்தேன். ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு நாள் எங்கள் வீட்டு காலிங் பெல் அடித்தது. வெளியே எங்கள் தபால்காரர், கையில் நான் தைத்த அதே பார்சல். மேலே பேனாவால் எழுதியிருந்தது: ‘பெறுநர் ஊரில் இல்லை.’

எனக்குக் கோபம் வந்தது. இதற்குத்தானே கூரியர் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்! உடனே போன் செய்தேன்.

“எங்கம்மா போயிட்டீங்க? பார்சல் திரும்பி வந்திருக்கு. ஊர்ல இல்லைன்னு எழுதியிருக்கு.”

 அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“அவரு எழுதினது சரிதாங்க்கா. நாங்க எப்ப ஊருல இருந்தோம்? காலனியிலதான இருக்கோம்.”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. அதன் பிறகுதான் அவர் விவரம் சொன்னார். அவர்கள் தெருவுக்கு யார் பெயரில் தபால் வந்தாலும் தபால்காரர் உள்ளே வரமாட்டார். ஊருக்குள் இருக்கிற போஸ்ட் ஆபீசிலிருந்து ஆள் விட்டுச் சொல்வார். இவர்கள் போய் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். கூரியர் என்றால் ஊர் டீக்கடையில் போட்டுவிட்டு போன் செய்வார்கள். அங்கேயும் போய் நிற்க வேண்டும். இவர் பத்தாவது படித்துக்கொண்டிருந்த காலத்திலிருந்து அப்படித்தான். இந்தத் தடவையும் ஆள் விட்டார்களாம். “வூட்டுலதான் இருக்கேன், கொண்டாந்து குடுக்கச் சொல்லுங்க” என்று இவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்குப் பதில்தான் அந்தப் பேனா எழுத்து.

“ரிஜிஸ்டர்னா வூட்டாண்ட வந்து கையெழுத்து வாங்கிகினுதான் குடுக்கணும் இல்லியாக்கா? அதான் கேட்டேன். கதை பொஸ்தகம், என் காசுல வாங்குறது, என் பேருக்கு வருது. எங்க தெருவுக்கு பேங்க்காரங்க கொண்டாந்து ஒட்டுற நோட்டீசு தவிர ஒண்ணும் வந்தது கெடயாது. இதாவது நடந்து வரட்டும்னு.”

நான் நெய்வேலிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது வருடத்துக்கு மேல். இந்த வருடங்களில் எத்தனை தபால், எத்தனை பார்சல்! வாசலில் சைக்கிள் மணி கேட்டால் அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்தபடி போய்க் கையெழுத்துப் போடுவேன். அதை ஒரு விஷயமாக நினைத்ததே கிடையாது.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். அவருக்கு முகமே மாறிவிட்டது. “மேலதிகாரிக்கு ஒரு கம்ப்ளைன்ட் எழுதுவோம். நானே எழுதித் தாரேன்” என்றார்.

அதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது, “வேணாங்க்கா. அவுங்களுக்குப் பயந்துகினு ஒரு நாள் வருவாரு. அப்புறம் பழைய கததான். நானே போயி பேசிக்கிறேன். நீங்க திருப்பி அனுப்புங்க, செலவு என்னுது” என்றார்.

வார விடுமுறை நாளில் அவரே அந்த போஸ்ட் ஆபீசுக்குப் போயிருக்கிறார். சண்டை எதுவும் போடவில்லை. திரும்பவும் பார்சல் வரும், வீட்டில் இருப்பேன் என்று சொல்லியிருக்கிறார். “உங்க தெருவுல எல்லாரும் இங்க வந்துதான வாங்கிட்டுப் போறாங்க? உனக்கு மட்டும் என்ன?” என்று கேட்டாராம் தபால்காரர். “அவுங்க வர்றதுன்னா வரட்டும் சார். நான் வூட்டுல இருப்பேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

நான் மறுபடியும் அனுப்பினேன். இந்தத் தடவை பார்சல் எங்கே போகிறது என்று போனில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கத்துப் பெரிய போஸ்ட் ஆபீசுக்கு வந்துவிட்டது என்று தெரிந்த அன்று அவரே கூப்பிட்டார். “நாளைக்கு வந்துடும் போலக்கா. நான் லீவு போட்டுட்டேன். நீங்களும் வர்றீங்களா?”

கான்ட்ராக்டில் லீவு என்றால் அன்றைய கூலி கிடையாது. அப்படிப்பட்டவர் கூப்பிடும்போது நான் வீட்டில் உட்கார்ந்திருப்பதா? காலையிலேயே பஸ் ஏறினேன்.

அவரை நேரில் பார்த்தது அன்றுதான். முப்பது வயது இருக்கும். ஒல்லியான உருவம், எண்ணெய் வைத்து வாரிய தலை, கண்ணில் ஒரு குறும்பு. கணவர் திருப்பூரில் வேலையாம். அரசாங்கம் கட்டிக்கொடுத்த குரூப் வீட்டின் உள்ளே ஒரு மர ஷெல்ஃபில் நிறையப் புத்தகங்கள், எல்லாம் அட்டை போட்டு. “பஸ்சுலயே நின்னுகினு படிச்சிடுவேங்க்கா. உக்காந்தா தூக்கம் வந்துடும்” என்றார். எனக்கு டீ கொடுத்தார். நான் படித்த தொடர்கதைகளைப் பற்றி நச்சு நச்சென்று கேட்டுக்கொண்டே இருந்தார். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று காதைப் பொத்திக்கொண்டார்.

தெருவுக்கே விஷயம் தெரிந்திருந்தது. முந்திரிக் காட்டு வேலைக்குப் போகாமல் சில பெண்கள் வாசலில் அரிசி புடைப்பதும் தலை வாருவதுமாக இருந்தார்கள். யாரும் எதையும் எதிர்பார்க்காதது போல.

உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால் சைக்கிள் மணி கேட்டது. தார் ரோடு முடிந்து தெரு ஆரம்பிக்கிற இடத்தில் தபால்காரர் நின்றுவிட்டார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். சைக்கிள் கேரியரில் என் திரைச்சீலைத் துணி தெரிந்தது. ஒரு அம்மாளிடம் அவர் ஏதோ சொல்ல, அந்த அம்மாள் இங்கே பார்த்துக் குரல் கொடுத்தார். “உன்னத்தாம்மா வரச் சொல்றாரு!”

“வூட்டுலதான் இருக்கேன்னு சொல்லுங்க” என்றார் இவர். எழுந்து வந்து நிலைப்படியில் நின்றுகொண்டார்.

தபால்காரர் அங்கேயே நின்றார். இவர் இங்கேயே நின்றார். தெருவில் ஒரு சத்தம் இல்லை. திரும்பவும் பேனாவை எடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பொறுக்க முடியாமல், “நான் வேணா போய் வாங்கிட்டு வரட்டுமா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீங்க போனா குடுத்துடுவாருக்கா. அதாங்க்கா வேணாம்” என்றார்.

  இவர் நிலைப்படியை விட்டு ஓர் அடி நகரவில்லை.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. தபால்காரர் செருப்பால் தரையைத் தேய்த்தார், சுற்றிலும் பார்த்தார், பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வாசலில் வந்து ஸ்டாண்ட் போட்டார். பார்சலைப் பார்த்து இவர் பெயரை வாசித்தார். முழுப் பெயரையும்.

“நான்தாங்க சார்” என்றார் இவர். குரல் தெரு முழுக்கக் கேட்டது.

கையெழுத்துப் போட்டார். பார்சலை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். தபால்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, “என்னம்மா இது, இந்த கனம் கனக்குது?” என்று கேட்டார்.

“கதை சார்.”

“கதைக்கா இவ்வளவு பாடு?”

“நல்ல கதை சார். படிச்சிட்டுத் தரட்டுங்களா?”

அந்த மனிதருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குள் எதிர்வீட்டுப் பெண் அரிசி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “சார், எம் பேருக்கு எதுனா இருக்குதா பாருங்க!” என்று கத்த, தெருவே சிரித்தது. இவர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். ‘வேலை இருக்கு’ என்று சொல்லி அவர் வாங்காமல் போய்விட்டார். இவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “இன்னிக்கு இது போதுங்க்கா” என்று சொல்லி அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு, பிளேடு எடுத்துத் தையலைப் பிரிக்க உட்கார்ந்தார்.

பிறகு சில மாதம் கழித்துப் பேசியபோது, அதே தெருவில் ஒரு பையனுக்கு வந்த காலேஜ் அட்மிஷன் கார்டை வீட்டு வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று சொன்னார். எல்லோருக்கும் அப்படியே நடந்ததா என்று எனக்குத் தெரியாது. அவருக்கு நடந்தது, அவரைப் பார்த்து இன்னும் சிலர் ‘வூட்டுல இருக்கோம்’ என்று சொல்லத் தொடங்கினார்கள்.

இப்போது நாங்கள் மதுரையில் இருக்கிறோம். எதை ஆர்டர் செய்தாலும் மூன்றாவது மாடி வரை வந்து பெல் அடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கதவைத் திறந்து கையெழுத்துப் போடும் ஒவ்வொரு தடவையும், நான் ஒருநாளும் கேட்காமலே எனக்குக் கிடைத்துவந்த ஒன்றை, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தன் நிலைப்படியில் நின்று வாங்கிய அந்தப் பெண்ணை மனசுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.